கருவாடும் காஸும்

முதல்லை ஒரு விசயத்தைத் தெளிவாச் சொல்லிப்போடுறன். பலெர்மோவிலை கரண்ட் போனால் அது நான் நிப்பாட்டினதில்லை. காஸ் பில் கூட வந்தால் அது நான் கூட்டினதில்லை. இதை நான் கோயிலிலை சொல்லியிருக்கிறன், கலியாண வீட்டிலை சொல்லியிருக்கிறன், ஒருக்கா செத்தவீட்டிலை பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டும் சொல்லியிருக்கிறன். ஒருத்தரும் நம்பினதில்லை.

நான் வேலை செய்யிறது நகரசபைக்குச் சொந்தமான ஒரு சின்னக் கம்பனியிலை. பட்டணத்தின்ரை ஒரு மூலைக்குக் கரண்டும் காஸும் குடுக்கிறது நாங்கள்தான். பெரிய ஆக்கள் மேல்மாடியிலை கூட்டம் வைப்பினம். தேர்தலுக்குத் தேர்தல் தலைவர் மாறுவார், புதுத் தலைவர் வந்து புதுக் கதிரை வாங்குவார். ஆனால் கம்பனியை உண்மையா நடத்திறது கீழ்மாடியிலை கொன்ட்ரோல் ரூமிலை ஷிப்டுக்குப் பொறுப்பா இருக்கிற ஆள். காலமை ஆறு மணிக்கு நான் போய்க் குந்தினால் பின்னேரம் வரைக்கும் அந்த மூலைக்கு நான்தான் இந்திரன், நான்தான் அக்கினி. சம்பளம் மட்டும் தேவர்மாருக்குக் குடுக்கிற சம்பளமில்லை.

சின்னனிலை இஞ்சை வந்து, இத்தாலியன் பெடியளுக்கு நடுவிலை ஒரேயொரு பெட்டையா இருந்து கரண்ட் வேலை படிச்சனான். அந்தக் காலத்திலை எங்கடை சனம் “பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு” எண்டு நொட்டை சொன்னது. இப்ப அதே சனம் என்ரை நம்பரைச் சுவரிலை எழுதி வைச்சிருக்கு.

ஏனெண்டால் இஞ்சை ஒரு வீட்டுக்கு வழக்கமா மூண்டு கிலோவாட்தான். அதுக்கு மேலை இழுத்தால் மீற்றர் டக்கெண்டு விழும். சிசிலிக்காரர் இதைத் தாய்ப்பாலோடை படிச்சவை. உடுப்புத் தோய்க்கிற மெசின் ஓடினால் ஓவனைத் தொடமாட்டினம். எங்கடை ஆக்கள் கிரைண்டர், சுடுதண்ணிப் பொயிலர், இஸ்திரிப்பெட்டி, ரைஸ் குக்கர் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுட்டு, இருட்டுக்கை நிண்டு எனக்குப் போன் அடிப்பினம்.

“பிள்ளை, கரண்ட் போட்டுது.”

“கீழை போய் மீற்றரைத் தூக்கி விடுங்கோ அண்ணை.”

“நாலு மாடி இறங்கவேணும். நீ அங்கையிருந்து ஒருக்காத் தட்டிவிடன்.”

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு விசர் பிடிச்சுப்போச்சு.

கரண்டாலை வாறது பகிடி. காஸ் பகிடியில்லை. காஸுக்குச் சொந்தமா மணமொண்டும் கிடையாது. நாங்கள்தான் அதுக்குள்ளை ஒரு நாற்றத்தைக் கலந்து விடுறது. அழுகின கோவா இலையையும் உள்ளிப்பூண்டையும் ஒண்டாப் போட்டு மூடி வைச்சால் எப்பிடி இருக்கும், அப்பிடி. சனம் சாகாமல் இருக்கிறதுக்குக் காசு குடுத்து நாற வைக்கிறம். அதோடை ஒரு சட்டம்: காஸ் மணக்குது எண்டு ஆர் போன் பண்ணினாலும், வெறிகாரன் பண்ணினாலும், விசரன் பண்ணினாலும், ஆள் போய்ப் பாக்கத்தான் வேணும்.

அந்தச் சட்டத்தை முழுசா அனுபவிச்சது ஒரேத்தோத் தெருவிலை ஒரு மூண்டாம் மாடிச் சின்யோரா. புருசன் செத்துத் தனிய இருக்கிற சிசிலிக்கார மனுசி. அவவுக்குக் கீழ்வீடு என்ரை தங்கச்சியின்ரை. தங்கச்சி வீட்டிலை கருவாடு பொரிச்சால் காணும், எனக்குப் போன் வரும்.

“மகளே, கீழை காஸ். இல்லாட்டி ஆரோ செத்துப்போனினம்.”

“ஆளனுப்பிறன், சின்யோரா.”

“அவையளுக்கு மூக்கே இல்லையோ? கடவுள் வைக்க மறந்திட்டாரோ? மிருகங்கள் கூட இப்பிடி மணக்கிறதைத் தின்னாது.”

“ஆள் வெளிக்கிட்டிட்டினம், சின்யோரா.”

கீழை இருக்கிறது என்ரை தங்கச்சி எண்டு நான் மூச்சும் விடேல்லை. விட்டால் பிறகு மனுசி கம்பனிக்கு அடிக்காது, நேரா என்ரை வீட்டுக்கு அடிக்கும். ஆனால் சொல்லுறன், எனக்குக் கொதிக்கும். போனை வைச்சிட்டு, நல்ல யாழ்ப்பாணத் தமிழிலை, பக்கத்துக் கதிரையிலை இருக்கிற இத்தாலியனுக்கு விளங்காது எண்ட துணிவிலை, அந்த மனுசியின்ரை ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவன். அவன் நான் தேவாரம் சொல்லுறன் எண்டு நினைச்சுத் தலையை ஆட்டுவான்.

லீக் பாக்கக் கம்பனி வானிலை போற பெரியவர் ஒருத்தர், வயிறு முன்னாலை போக ஆள் பின்னாலை வாற மனுசன், அந்த வீட்டுக்குப் போறதெண்டால் துள்ளிக் குதிப்பார். காஸ் மணம் பிடிக்கிற மெசினைக் கையிலை பிடிச்சுக்கொண்டு போவார், கருவாட்டுச் சட்டியைப் பாப்பார், தங்கச்சி குடுக்கிற மீன் ரோல்ஸைத் தின்பார், வருவார். பிறகு பிறகு வானிலை ஏற முந்தியே என்னைக் கேப்பார்: “காஸோ, மீனோ?”

பிறகு கொஞ்ச மாதமாச் சின்யோராவின்ரை போன் குறைஞ்சுபோச்சு. தங்கச்சிக்குப் பெரிய புளுகம், வாயெல்லாம் பல்லு.

“இனி அந்தக் கிழவி வாய் திறக்காது. இவர் ஒரு வேலை பாத்திட்டார்.”

“என்னடி வேலை?”

“உனக்குச் சொல்லேலாது. நீ கம்பனிக்காரி.”

நான் துருவேல்லை. கம்பனிக்காரிக்குச் சொல்லக்கூடாத வேலையள் பலெர்மோவிலை ஒவ்வொரு வீட்டிலையும் ஒண்டு கிடக்கு. எல்லாத்தையும் துருவப் போனால் சாப்பிட நேரமிருக்காது.

இப்பிடி இருக்கேக்கை அவையள் அந்த வீட்டையே வாங்கிச்சினம். கல்யாணம் கட்டின நாள் தொடக்கம் வாடகை குடுத்த அதே வீடு. தங்கச்சி சின்யோராமாரின்ரை வீடுகள் கூட்டித் துடைக்கிறவள். மனுசன் ஸ்தாசியோனே சென்ட்ராலே எண்ட பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலை ஒரு சாப்பாட்டுக் கடையின்ரை குசினியிலை நிக்கிறவர். நொத்தாயோ எண்ட நொத்தாரிசிட்டைப் போய் வீட்டு உறுதியிலை கையெழுத்து வைச்சிட்டு வந்து, படியிலை இருந்து அழுதவள். எனக்கும் அழுகை வந்தது. மற்றவையின்ரை நிலத்தைத் துடைச்ச கையாலை இனித் தன்ரை நிலத்தைத் துடைக்கப்போறாள். அந்தச் சந்தோசத்திலை மனுசன் பூட்டுப்பட்ட ஒரு கடையிலை இருந்து ஒரு பெரிய பழைய காஸ் அடுப்பை மலிவா வாங்கிக் கொண்டுவந்து தானே பூட்டினார்.

சொந்த வீடெண்டால் பால் காய்ச்சவேணும். பழகின வீடோ புது வீடோ, உறுதி எங்கடை பேரிலை வந்தால் பால் பொங்கி வழியத்தான் வேணும். இதிலைதான் தங்கச்சியின்ரை மாமி, அவளின்ரை மனுசனைப் பெத்தவ, உள்ளிட்டா. பலெர்மோவிலை ஐயரைப் பிடிக்கிறது லேசில்லை, அதாலை எங்கடை வட்டாரத்துக்கு மாமிதான் ஐயர், மாமிதான் சாத்திரி, மாமிதான் பஞ்சாங்கம். மாமி ஊரிலையிருந்து வந்த கலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, நல்லநேரம் ஊர் நேரத்துக்குத்தான் பாக்கவேணும் எண்டு நிண்டா. தங்கச்சி விடேல்லை.

“மாமி, வீடு இஞ்சை. சூரியன் இஞ்சை உதிக்கிற நேரத்தைத்தான் பாக்கவேணும்.”

“இஞ்சை உதிக்கிறதும் அங்கை உதிச்ச சூரியன்தானே, பிள்ளை. அங்கை உதிச்சுப்போட்டுத்தானே இஞ்சை வருது.”

ரண்டு பேரும் என்னட்டை வந்தினம். நான் கரண்டுக்குத்தான் பொறுப்பு, சூரியனுக்கில்லை எண்டன். கடைசியிலை ஒரு சமாதானம் வந்தது. ரண்டு பானை. ஊர் நேரத்துக்கு, அதாவது இஞ்சை விடியப்புறம், வீட்டாக்கள் மட்டும் நிண்டு மாமியின்ரை பானை. பிறகு இஞ்சத்தை நேரத்துக்கு, பத்து மணி போலை, சனத்தையெல்லாம் கூப்பிட்டுத் தங்கச்சியின்ரை பானை. சுவாமிக்கு ரண்டு தரம் பால் குடிக்கக் கிடைக்குது, எனக்கென்ன.

எனக்கு அண்டைக்குக் காலமை ஷிப்ட். பக்கத்துக் கதிரைக்காரன் மாறித் தாறன் எண்டு சொன்னவன்தான். ஆனால் விடியப்புறம் தொடக்கம் மாமியின்ரை பிரசங்கத்தைக் கேக்கிறதைவிடக் கம்பனிக் கதிரை சொகுசு எண்டு நினைச்சன். தங்கச்சிக்கு வெறும் “லீவு இல்லை” எண்டு மட்டும் சொன்னன். அவள் விட்டாளா?

“எனக்கு அம்மாவும் இல்லை, நீயும் வரமாட்டாய். உன்ரை கண்டறியாத கம்பனி உனக்கு என்னைவிடப் பெரிசாப் போச்சு. இனி என்ரை வாசல்படி மிதிக்காதை!”

அதுக்குப் பிறகு என்ரை போனை எடுக்கேல்லை. கோவம் வந்தால் அவள் அப்பிடித்தான், எங்கடை அப்பரைப் போலை.

அண்டைக்கு நான் கதிரையிலை குந்தின கொஞ்ச நேரத்திலை குடும்ப குறூப்பிலை மாமி ஒரு படம் போட்டா. பானை நிறையப் பால் பொங்கி, நுரை அடுப்பெல்லாம் வழிஞ்சு ஓடுது. சனமெல்லாம் கும்பிடுற கையைப் போட்டது. நானும் போட்டன். மனம் குளிர்ந்துபோச்சு, பொய் சொல்லேல்லை.

பிறகு பிரான்காச்சோ எண்ட இடத்திலை ரோட்டுக் கிண்டின மெசினொண்டு காஸ் குழாயை உடைச்சுப்போட்டுது. பெரியவரும் வானும் அங்கை. மற்ற வான் அதுக்கும் அங்காலை ஒரு வேலையிலை. நான் பொலிசோடையும், பஸ்காரரோடையும், கடை பூட்டமாட்டன் எண்டு நிண்ட ஒரு இறைச்சிக் கடைக்காரனோடையும் தொண்டை கிழியக் கத்தினன். அது ஒரு மாதிரி அடங்க, ஒரு கோப்பியை எடுத்துக்கொண்டு, மேசைக்குக் கீழை போனை வைச்சுத் தங்கச்சி வீட்டு லைவைப் போட்டுப் பாத்தன். மனுசன் போனை ஒரு தடியிலை நிறுத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தார். ஹோல் முழுக்கச் சனம். நடுவிலை நிலத்திலை குத்துவிளக்கு. மாமி சாம்பிராணித் தட்டைத் தூக்கிக்கொண்டு சுத்திறா. புகைக்குள்ளை ஆளையாள் தெரியேல்லை. தங்கச்சி மாம்பழ நிறப் பட்டுச் சேலையிலை நிண்டாள். வடிவா இருந்தாள், கழுதை.

அப்ப அவசர லைன் அடிச்சுது. சின்யோரா.

“மகளே, காஸ் மணக்குது.”

“மீனாயிருக்கும், சின்யோரா.” வாய் தன்பாட்டிலை சொல்லிப்போட்டுது.

“மீனைப் பற்றி எனக்குத் தெரியாதோ? இது மீனில்லை. என்ரை குசினிப் புகைக்குழாயாலை வருது.”

நான் கோப்பியைக் கீழை வைச்சன். ஏனெண்டால் மனுசி சொன்னது சரி. மீனாயிருக்கவே ஏலாது. பால் காய்ச்சிற நாளிலை எந்த வீட்டிலையடா கருவாடு பொரிப்பினம்? மாமி இருக்கிற வீட்டிலை அண்டைக்கு முட்டைக் கோதுகூட இருக்காது. கீழ்வீட்டிலையிருந்து காஸ் மணக்குதெண்டால், அது காஸ்தான்.

மாமி போட்ட படத்தைத் திரும்ப எடுத்துப் பெருப்பிச்சுப் பாத்தன். பால் வழிஞ்சு அடுப்பு மேலெல்லாம் வெள்ளை. பானைக்குக் கீழை நீல நெருப்பு இல்லை. பால் நெருப்பை அணைச்சுப்போட்டுது. நெருப்பு அணைஞ்சால் காஸைத் தானா நிப்பாட்டிற வேலை அந்தப் பழைய அடுப்புக்குத் தெரியாது. அடுப்பைத் திருகி நிப்பாட்டினது தங்கச்சி எண்டு மாமி நினைச்சிருக்கிறா, மாமி எண்டு தங்கச்சி நினைச்சிருக்கிறாள். அடுத்த நல்லநேரம் வரைக்கும் ஒருத்தரும் குசினிக்குள்ளை போகக்கூடாது, கண்படும் எண்டு மாமி கதவைச் சாத்தினதை நான் பிறகுதான் அறிஞ்சன். விடியப்புறத்திலையிருந்து அந்தக் குசினி காஸாலை நிறைஞ்சுகொண்டு கிடந்தது. சாம்பிராணிக்குள்ளை ஒருத்தருக்கும் மணக்கேல்லை. இனி நல்லநேரம் வர, கதவைத் திறந்து, கற்பூரத்தைக் காட்டிக்கொண்டு உள்ளுக்குப் போய், ரண்டாவது பானைக்கு அடுப்பை மூட்டப்போயினம்.

சுவர் மணிக்கூட்டைப் பாத்தன். பத்துக்குக் கிட்ட.

தங்கச்சிக்கு அடிச்சன். எடுக்கேல்லை. திரும்ப அடிச்சன். என்ரை பேரைப் பாத்தால் எடுக்கமாட்டாள், கோதாரி விழுந்தவள். அவளின்ரை மனுசனுக்கு அடிச்சன். லைவ் ஒரு கணம் விறைச்சு நிண்டிட்டு, பிறகு ஓடத் தொடங்கிச்சு. என்ரை போனை வெட்டிறார்! திரும்ப அடிச்சன், திரும்ப வெட்டினார். மாமிக்கு அடிச்சன். ஹோலிலை எங்கையோ அவவின்ரை போன் பக்திப் பாட்டோடை அடிக்கிறது லைவிலை எனக்கே கேக்குது. பாட்டு வருகுது எண்டு சனம் கையெடுத்துக் கும்பிட்டுது.

லைவுக்குக் கீழை எழுதினன்: “காஸ் லீக்! ஒருத்தரும் நெருப்பு மூட்டாதேங்கோ! வெளியாலை போங்கோ!” கனடாவிலை சாமம், ஆனால் எங்கடை சனம் நித்திரை கொள்ளுமோ? உடனை ஒரு மச்சாள் அதுக்கு ஒரு இதயம் போட்டாள். “அக்கா, நீங்கள் அங்கை போகேல்லையோ? பாவம்” எண்டும் எழுதினாள். எனக்கு அவளைக் கனடாவுக்குப் போய் அடிக்கவேணும் போலை இருந்தது.

கரண்டெண்டால் இருந்த இடத்திலை வெட்டலாம். காஸுக்கு அங்கை ஒரு மனுசக் கை வேணும். தீயணைப்புக்காரரும் பிரான்காச்சோவிலைதான். பெரியவரைக் கூப்பிட்டுச் சொல்ல அங்கையிருந்து வெளிக்கிட்டிட்டார், ஆனால் நடுவிலை முழுப் பலெர்மோவும் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிக்குது. எனக்குக் கிட்டத்திலை இருந்த ஒரே மனுசக் கை, லைனிலை மூச்சு வாங்கிக்கொண்டு நிண்ட சின்யோரா.

சட்டப்படி நான் அவவை வெளியாலை போகச் சொல்லியிருக்கவேணும். படிப்பிச்சதும் அதுதான், நான் மற்றவைக்குப் படிப்பிக்கிறதும் அதுதான்.

“சின்யோரா, கீழை போங்கோ. மணி அடிக்கவேண்டாம், கையாலை கதவைத் தட்டுங்கோ. லிப்ட், சுவிச் ஒண்டும் தொடாதேங்கோ. எரியிறது என்ன இருந்தாலும் அணையுங்கோ. எல்லாரையும் துரத்துங்கோ. குசினிக் கதவைத் திறக்க விடாதேங்கோ.”

“நானோ? உங்கடை ஆக்கள் எங்கை?”

“தூரத்திலை.”

“நான் வீட்டுச் சட்டையோடை நிக்கிறன். தலையிலை மயிர் சுருட்டுற சுருளி.”

“அம்மணமா நிண்டாலும் போங்கோ!”

எனக்குக் கண்ணாலை தண்ணி ஓடத் தொடங்கிச்சு.

“கீழை இருக்கிறது என்ரை தங்கச்சி, சின்யோரா. என்ரை கூடப்பிறந்தவள்.”

லைன் வெட்டுப்பட்டுது.

போனாவோ, இல்லை, கெட்ட வார்த்தை கேட்ட கோவத்திலை வைச்சாவோ தெரியாது. நான் லைவைப் பாத்துக்கொண்டு இருந்தன். பாக்கிறதைத் தவிர ஒண்டும் செய்யேலாது. மாமி மணிக்கூட்டைப் பாக்கிறா. மாமி தலையாட்டுறா. தங்கச்சி கற்பூரத் தட்டைக் கையிலை எடுக்கிறாள். மனுசன் ஒரு கையாலை போனைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை கற்பூரத்தைக் கொளுத்திறார். தங்கச்சி எரியிற தட்டோடை திரும்பிக் குசினிப் பக்கம் நடக்கிறாள். சனம் விலகி வழி விடுது. நான் அந்தக் கதிரையிலை இருந்து “அடியே! அடியே!” எண்டு கத்தினன். பக்கத்துக் கதிரைக்காரன் எழும்பி நிண்டிட்டான்.

அப்ப படார் படாரெண்டு சத்தம். ஆரோ முன்கதவைத் திறந்தினம். பூப்போட்ட வீட்டுச் சட்டையும் தலை நிறையச் சுருளியுமாச் சின்யோரா உள்ளுக்கு வந்தா. வந்தது நடையில்லை, சுழல்காத்து. “ஃபோரா! ஃபோரா!” வெளியாலை, வெளியாலை எண்டு கத்திக்கொண்டு, சனத்தைப் பிளந்து போய், தங்கச்சியின்ரை கையிலை இருந்த தட்டைப் பறிச்சு, ஒரே மூச்சிலை கற்பூரத்தை ஊதி அணைச்சா. தங்கச்சியின்ரை மற்றக் கை அப்ப குசினிக் கதவின்ரை பிடியிலை. பிறகு மனுசி முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு, குத்துவிளக்கின்ரை ஒவ்வொரு திரியையும், பிறந்தநாள் கேக்கை ஊதுற மாதிரி, பூ, பூ, பூ எண்டு ஊதினா. மாமியின்ரை சாம்பிராணித் தட்டுக்குள்ளை ஆற்றையோ மோர்க் கிளாசைக் கவிழ்த்தா. மாமி போட்ட சத்தம் கனடாவுக்குப் போனில்லாமலே கேட்டிருக்கும். போன் விழுந்து கூரை தெரிஞ்சுது. காதுக்கு மட்டும் கால் சத்தமும், சிசிலியன் ஏச்சும், தமிழ் ஏச்சும், படியாலை இறங்கிற சத்தமும். பிறகு ஒரு சத்தமும் இல்லாத வெள்ளைக் கூரை. நான் அந்தக் கூரையைப் பாத்துக்கொண்டே இருந்தன்.

என்னாலை கதிரையை விட்டு எழும்பேலாது. ஷிப்டுப் பொறுப்பாள் ஆள் மாறாமல் எழும்பேலாது. அது என்ன கோதாரிச் சட்டமெண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு. பெரியவர் போய்ச் சேர்ந்து, கட்டடத்தின்ரை பெரிய வால்வைப் பூட்டி, வெளியிலையிருந்து ஏணி வைச்சு ஜன்னலை உடைச்சு, பிறகு எனக்கு அடிச்சார். எப்பவும் பகிடி விடுற மனுசன்.

“மீனில்லை, பிள்ளை,” எண்டார். “கதவுக்குக் கிட்டப் போகவே மெசின் கத்தத் தொடங்கிட்டுது. குசினிச் சுவரிலை காத்துப் போற ஓட்டைக்குள்ளை பழைய துவாயை அடைஞ்சு, மேலாலை டேப் ஒட்டிக் கிடக்கு.”

அதுதான் இவர் பாத்த வேலை. சின்யோராவுக்குக் கருவாடு மணக்காமல் இருக்கிறதுக்கு.

பக்கத்துக் கதிரைக்காரன் வேறை ஆளைப் பிடிச்சு என்னை மாத்திவிட்டான். கம்பனி ஜாக்கெட்டோடை ஓடினன். ரோட்டிலை முழுச் சனமும் பட்டும் வேட்டியுமா நிக்குது. போற கார்க்காரரெல்லாம் கலியாண ஊர்வலமெண்டு ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போறாங்கள். முதல்லை என்னைப் பிடிச்சது மாமி.

“பிள்ளை, அந்தப் பொம்பிளையை நீயோ அனுப்பினது?”

“ஓம் மாமி.”

“விளக்கை வாயாலை ஊதிப்போட்டாளே! பூவாலை குளிர வைக்கச் சொல்லியிருக்கலாமே!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “மறந்துபோனன் மாமி,” எண்டன்.

சின்யோரா, கோப்பிக் கடைக்காரன் கொண்டுவந்து வைச்ச கதிரையிலை இருந்தா. ஆரோ எங்கடை ஆக்களின்ரை சால்வையைப் போத்தியிருந்தினம். என்ரை குரலைக் கேட்டதும் ஆளைத் தெரிஞ்சுகொண்டா. என்ரை கையைப் பிடிச்சுக் கிட்ட இழுத்தா.

“உன்ரை தங்கச்சியைப் பற்றி நான் உன்னட்டை என்னவெல்லாம் சொன்னனான்,” எண்டா. “நீ ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?”

“வேலை நேரம், சின்யோரா.”

மனுசி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. நானும் அவவைப் பற்றி என்னவெல்லாம் சொன்னனான் எண்டதை இந்த மனுசிக்கு மொழிபெயர்க்க எனக்குத் தைரியம் வரேல்லை. அவவின்ரை முழங்கால் வீங்கியிருந்தது. அம்புலன்சைக் கூப்பிட்டன்.

தங்கச்சி கூட்டத்துக்கு வெளியிலை, மதிலோடை தனிய நிண்டாள். உள்ளங்கையிலை தட்டுச் சூடு பட்டு ஒரு சிவப்பு. நான் போனிலை சொன்னது எல்லாத்தையும் பெரியவர் ஏற்கெனவே அவளுக்குச் சொல்லிப்போட்டார். கிட்டப் போனன். ஏசுவாள் எண்டு நினைச்சன். நான் ஏசவும் ஆயத்தமாத்தான் போனனான். துவாய், அடுப்பு, போனை எடுக்காதது, எல்லாத்துக்கும் வரிசையா வைச்சிருந்தன். அவளின்ரை முகத்தைக் கண்டதும் எல்லாத்தையும் விட்டிட்டன்.

“நீ லீவு எடுத்து வந்திருந்தால்,” எண்டாள், “எனக்குப் பக்கத்திலைதானே நிண்டிருப்பாய்?”

“ஓம்.”

“தட்டை நீதான் பிடிச்சிருப்பாய். அம்மா இல்லாததுக்கு நீதான் பிடிக்கவேணும் எண்டு மாமி சொல்லி வைச்சவ.”

நான் அவளின்ரை உள்ளங்கையைத் திருப்பிப் பாத்தன்.

“உன்ரை கதிரையிலை ஆர் இருந்திருப்பினம்?”

“பக்கத்துக் கதிரைக்காரன்.”

“இத்தாலியனோ?”

“ஓம்.”

“பால் காய்ச்சிற நாளிலை நாங்கள் கருவாடு பொரிக்கிறேல்லை எண்டு அவனுக்குத் தெரியுமோ, அக்கா?”

“தெரியாது,” எண்டன். “மீனெண்டு நினைச்சு, வான் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்திருப்பான்.”

அவள் அந்தப் புதுப் பட்டுச் சேலையோடை ரோட்டோரத்திலை அப்பிடியே குந்திட்டாள். நானும் பக்கத்திலை குந்தினன்.